சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே

கோவை வட்டாரப் புவி இயற்பியலாளர் பேரவையின் மாதாந்திர மதிய விருந்தில் உரை எப்போது நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். பேரவையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறொன்றும் பாக்கியிருக்காது. ஆரம்ப காலத்தில் உரை முதலிலும் சாப்பாடு பிறகும் இருந்தன. பூமியின் வயிற்றை ஆராய்கிறவர்கள் இலை போடும் நேரத்தைத் துல்லியமாகக் கணித்து வந்து சேர்ந்தார்கள். பேச வந்தவர் காலி நாற்காலிகளுக்குப் பேசினார். சரி என்று சாப்பாட்டை முதலில் வைத்தார்கள். பாயசம் குடித்த கையோடு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பல பொதுக்குழுக்களில் விவாதித்து, ஓர் உபகுழு போட்டு, கடைசியில் இப்போதைய முறையைக் கண்டுபிடித்தார்கள். சாம்பார் சாதம் முடிந்ததும் பரிமாறல் நிற்கும். உரை நடக்கும். உரை முடிந்த பிறகே ரசம் வரும். எச்சில் கையோடு யாரும் பஸ் ஏற மாட்டார்கள் என்பது இதன் அறிவியல் அடிப்படை.

இதில் இரண்டு சின்னச் சிக்கல்கள். வலது கை சாம்பாராக இருப்பதால் கைதட்ட முடியாது. இடது கையால் மேசையைத் தட்டிப் பாராட்டுவார்கள். கேள்வி கேட்பதென்றால் கையைத் தூக்க வேண்டும். எச்சில் கையைத் தூக்குவது அநாகரிகம், இடது கையைத் தூக்குவது பேச்சாளருக்கு அவமரியாதை. ஆகவே பேரவையின் வரலாற்றில் யாரும் கேள்வி கேட்டதில்லை. ஆண்டறிக்கை இதை 'முழுமையான கருத்தொற்றுமை' என்று குறிப்பிடுகிறது.

இதெல்லாம் தெரியாமல்தான் சண்முகப்பிரியா காங்கேயத்தில் பஸ் ஏறி, சிங்காநல்லூரில் இறங்கி, அவினாசி சாலை ஓட்டல் ஒன்றின் மாடிக் கூட்டரங்குக்கு வந்து சேர்ந்தாள்.

அவளுடைய கவலை மிக எளிமையானது. காங்கேயம் பக்கத்து விவசாயக் காட்டில் அவளும் கணவன் சென்னிமலையும் கட்டிய வீடு. அவன் எண்ணெய் மில் களத்தில் தேங்காய் உலர்த்துகிறவன். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கல் உடைக்கிற ஒரு பாறைக்குழி வந்தது. அதிலே தினமும் மத்தியானம் சாப்பாட்டு வேளைக்கு விசில் ஊதி வெடி வைத்தார்கள். முதலில் அலமாரிப் பாத்திரங்கள் கலகலத்தன. பிறகு, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் படுக்கிற அறையின் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் விழுந்தது. இப்போது அதில் விரல் நுழைகிறது. ஒருநாள் காரை பெயர்ந்து பாப்பாவின் தலையணை மேலேயே விழுந்தது. நல்லவேளை, அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அன்றிலிருந்து மூன்று பேரும் மாட்டுச் சாளையில் படுக்கிறார்கள். சண்முகப்பிரியாவால் எந்த இடத்திலும் நிம்மதியாக உட்கார முடிவதில்லை. யாராவது கதவைச் சாத்தினாலும் எழுந்துவிடுவாள்.

பாறைக்குழிக்கு இன்னும் ஐந்து வருஷம் அனுமதி நீட்டிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மனுக் கொடுத்தாள். விசாரணை அதிகாரி மனுவை இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னார்: "வேட்டுனாலதான் செவுரு விரிசல் உட்டுச்சுன்னு நீங்க சொல்றீங்க. நிபுணருங்க சொல்லோணுமுங்க. கோயமுத்தூர்ல ஒரு பேரவை இருக்குது. அதிர்வு அளக்கற கருவி அவுங்ககிட்டத்தான் இருக்குது."

கூட்டரங்கு வாசலில் செயலாளர் சாய்குமார் கும்பிட்டு வரவேற்றார். "வாங்க வாங்க, இலை போட்டாச்சு, உட்காருங்க."

"சாப்பிட வரலீங்க. ஒரு விசயம் கேட்டுப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க."

பேரவைக்கு அப்படி யாரும் இதுவரை வந்ததில்லை. சாய்குமார் சமாளித்துக்கொண்டு, உறுப்பினர் அல்லாதவர் பேச முடியாது என்றும், உறுப்பினராக வேண்டுமானால் இலையில் உட்கார வேண்டும் என்றும் விளக்கினார். அவள் உட்கார்ந்தாள். சாம்பார் ஊற்றப்பட்டவுடனே உறுப்பினராகிவிட்டதாகப் பக்கத்தில் இருந்தவர் வாழ்த்துச் சொன்னார்.

மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கருவி இருந்தது. சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

சாம்பார் முடிந்தது. தலைவர் முனைவர் கிருபாசங்கர் உட்கார்ந்தபடியே உரையைத் தொடங்கினார்.

"நண்பர்களே! பூமி ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஆழம். நம்மில் யாரும் அதில் ஆறடிகூட இறங்கியதில்லை. ஆனாலும் அதைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம்! இதோ நம் கருவியைப் பாருங்கள். வாங்கிய நாள்முதல் இன்றுவரை ஒரு பழுது உண்டா? ஒரு தப்பான அளவு காட்டியதுண்டா? ஒருமுறைகூட ஆன் செய்யாததால்தான் இந்தத் தூய்மையைக் காப்பாற்ற முடிந்திருக்கிறது."

நாற்பது இடது கைகள் மேசைகளைத் தட்டின. டம்ளர்கள் ஆடின. சண்முகப்பிரியா பழக்கதோஷத்தில் எழுந்து கதவுப் பக்கம் இரண்டடி ஓடிவிட்டாள். பிறகு வெட்கத்தோடு திரும்பி வந்து இடது கையைத் தூக்கினாள்.

அரங்கம் உறைந்தது. யாரோ "ரசம்" என்று முணுமுணுத்தார்கள்.

"ஐயா, எங்கூட்டுச் செவுரு விரிசல் உட்டுப்போச்சுங்க. அந்தக் கருவிய ஒருநா மத்தியானம் கொண்டாந்து வெச்சுப் பாத்தீங்கன்னா போதுமுங்க. என்ற புள்ள படுக்கற கட்டிலு அந்தச் செவுத்துக்குக் கீழதானுங்க இருக்குது."

தலைவர் கனிவாகப் பார்த்தார். "அம்மணி, இந்தப் பேரவை பூமி முழுவதையும் பற்றியது. நீங்கள் சொல்வது காங்கேயம் பற்றியது. இருந்தாலும் அடுத்த மாதம் எடுத்துக்கொள்வோம். ரசம் வரட்டும்."

அடுத்த மாதம் வரைக்கும் பாறைக்குழி காத்திருக்கவில்லை. விரிசலில் இரண்டு விரல் நுழைந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அவள் ஒரு டின் நல்ல தேங்காய் எண்ணெயோடு போனாள். கொடுக்கிறவர்களின் கோரிக்கை சீக்கிரம் நகரும் என்று சென்னிமலை சொல்லியிருந்தான். உண்மையாகவே நகர்ந்தது. அவளை உணவுக் குழுவில் போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். 'மண்ணின் மகள்' என்று ஒரு கேடயமும் கொடுத்தார்கள். சுவர்? சட்டதிட்டப்படி பேரவை விருந்து நடக்கிற இடத்துக்கு மட்டுமே கருவி போகலாம் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

"அப்பறம் என்னங்க, எங்கூட்டுலயே விருந்து வெச்சுக்கலாமுங்க!" என்றாள் சண்முகப்பிரியா.

அரங்கம் யோசித்தது. கொங்கு நாட்டு வீட்டுச் சாப்பாடு என்கிற கோணம் அதுவரை ஆராயப்படாதது. மேசைகள் அதிர்ந்தன. 'கள விருந்து' ஏகமனதாக நிறைவேறியது.

இங்கேதான் எனக்கு வயிறு எரியத் தொடங்குகிறது. கள விருந்துக்குப் பந்தல், சமையல், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ள அந்தப் பகுதியில் ஒரு பெரிய மனிதரைத் தேடினார்கள். அந்தப் பகுதியில் பெரிய மனிதர் ஒருவர்தான். பாறைக்குழிக்காரர். அவர் கேட்ட மறுநொடியே சம்மதித்துவிட்டார்.

சண்முகப்பிரியா போனில் கத்தினாள். "ஏனுங்க, அவருமேலதானுங்க நான் மனுக் குடுத்திருக்கறது!"

"அறிவியலுக்கு எதிரியே கெடையாதுங்க அம்மணி" என்றார் சாய்குமார். "அவரு சக்கரைப் பொங்கலுக்கு முந்திரி அதிகமாப் போடச் சொல்லியிருக்காரு."

கள விருந்துக்குக் குறித்த சனிக்கிழமை காலையிலேயே பந்தல் எழுந்தது. பேரவையின் நிரந்தரச் சமையல்காரர் உக்கடம் பீர் முகம்மது அண்டாக்களோடு வந்து இறங்கினார். இடம் பார்க்க வீட்டைச் சுற்றி வந்தவர் விரிசலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அம்மணி, இந்தச் செவுத்துப் பக்கம் நான் அடுப்பு வெக்க மாட்டனுங்க. எங்கூட வேலைக்குப் பசங்கள வெச்சிருக்கறன்" என்று சொல்லி வேப்பமரத்தடிக்கு அண்டாவை நகர்த்திக்கொண்டு போனார். இந்த விவகாரம் முழுவதிலும் வெளியாள் யாராவது அந்தச் சுவரைப் பார்த்துப் பயந்தது அப்போதுதான்.

கருவி காரில் பட்டுத்துணி சுற்றி வந்தது. பாப்பாவின் அறையில், விரிசலுக்கு நேர் கீழே வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். உரையின் நடுவே ஆன் செய்வது என்று முடிவானது. அறைக்கு வெளியே கூடத்திலும் வாசலிலும் மேசைகளை நெருக்கிப் போட்டார்கள். அறுபது பேர். பாறைக்குழிக்காரர் வெள்ளை வேட்டியில் வாசலில் நின்று, தன் வீட்டுக் கல்யாணம் போல ஒவ்வொருவரையும் கைப்பிடித்து உள்ளே அனுப்பினார்.

சாம்பார் முடிந்தது. சண்முகப்பிரியா விசிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சமையல்கட்டுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். விசில் வரவில்லை. பாறைக்குழிப் பக்கம் ஈ காக்கை இல்லை. இன்றைக்கு வெடியே இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. நேராகப் பாறைக்குழிக்காரரிடமே போனாள்.

"ஏனுங்க, இன்னைக்கு வேட்டு இல்லீங்களா?"

பாறைக்குழிக்காரர் பதறிவிட்டார். "என்னம்மணி இப்படிக் கேக்கறீங்க! இத்தன பெரியவங்க ஒறம்பரையா விருந்துக்கு வந்து எலையில உக்காந்திருக்கறப்ப வேட்டு வெக்கறதுங்களா? எங்கப்பா எங்கள அப்படி வளக்கலீங்க. எல்லாருக்கும் லீவு உட்டுப்போட்டனுங்க."

"ஒண்ணே ஒண்ணு வெக்கச் சொல்லுங்க, சாமி. ஒண்ணு போதுமுங்க."

"எலையில தூசி உளுந்துருமுங்க" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

உள்ளே தலைவர் உரையாற்றிக்கொண்டிருந்தார். "பேரவையின் பொற்காலம் இந்தக் கணத்தில் தொடங்குகிறது!" சாய்குமார் பொத்தானை அமுக்கினார். திரையில் ஒரு கோடு ஓடியது. நேர்கோடு. உறுப்பினர்கள் பரவசமாகி மேசைகளைத் தட்டினார்கள். கோடு துள்ளியது. துள்ளியதைப் பார்த்ததும் இன்னும் பலமாகத் தட்டினார்கள். கோடு எம்பிக் குதித்தது. வாசலில் இருந்தவர்களுக்கு விஷயம் போய்ச் சேர, அவர்கள் இடது கை போதாமல் கால்களாலும் தட்டினார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு மூத்த உறுப்பினர் "அளவு வருது! அளவு வருது!" என்று அழுதார். விரிசல் ஒரு முறை முனகியது. மேலிருந்து ஒரு பாளம் காரை பெயர்ந்து கட்டில்மேல் தொப்பென்று விழுந்தது.

"கருவி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?" என்றார் தலைவர். ரசம் வந்தது.

விசாரணை நாளன்று பேரவை கொடுத்த அறிக்கையை அதிகாரி வாய்விட்டுப் படித்தார். "'மேற்படி வீட்டில் பதிவான அதிர்வு முழுவதும் விருந்தினரின் பாராட்டினால் ஏற்பட்டது. பாறைக்குழியின் பங்கு பூஜ்யம். சர்க்கரைப் பொங்கல் சிறப்பு.' தெளிவா இருக்குதுங்களே, அம்மணி."

"அன்னைக்கு வேட்டே வெக்கலீங்களே!"

"வெக்காததுக்கெல்லாம் அவர் மேல நடவடிக்கை எடுக்க முடியுங்களா?" என்றார் அதிகாரி. "இனிமே ஊட்டுல விசேஷம் வெக்காதீங்க. மண்டபத்துல வெச்சுக்குங்க. நீட்டிப்பு ஆர்டர்ல அடுத்த வாரம் கையெழுத்து ஆயிரும்."

பஸ்ஸில் திரும்பும்போது அவள் அழவில்லை. கோபத்தில் பல் நறநறத்தது. மடியில் கேடயத்தை வைத்திருந்தாள். ஆதாரமாக இருக்கட்டும் என்று எடுத்துப் போயிருந்தாள். அதைச் சன்னல் வழியாக வீசலாமா என்று யோசித்துக்கொண்டே வந்தவள், காங்கேயம் வருவதற்குள் வேறொன்றை யோசித்துவிட்டாள். இறங்கியதும் சாய்குமாருக்குப் போன் போட்டாள்.

"அறிக்கை ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. நன்றி விருந்து ஒண்ணு வெக்கலாம்னு இருக்கறனுங்க. இந்தப் புதங்கெழமை. அரிசிம்பருப்புச் சோறு, நெய், இனிப்புக்கு ஒப்புட்டு. நானே ஆக்கறன். பாறைக்குழிக்காரருகிட்டச் சொல்லிச் சிரமப்படுத்த வேண்டாமுங்க."

"புதன்கிழமை பேரவை கூடறது வழக்கம் இல்லீங்களே... ஒப்புட்டு தேங்காயா, பருப்பா?"

"ரெண்டுமுங்க."

"வந்தர்றோமுங்க."

சென்னிமலைக்கு உடம்பு நடுங்கியது. "ஏம்புள்ள, மேல கீல உளுந்துபோட்டா?"

"நாம இத்தன நாளு அதுக்குள்ள உக்காந்துதானுங்க சோறு தின்னோம். அப்ப யாருக்கும் நடுங்கலியே" என்றாள் சண்முகப்பிரியா. இருந்தாலும் அறைக்குள் யாரையும் உட்கார வைக்கவில்லை. கூடத்தில் இருபது இலை போட்டாள். அவசரக் கூட்டம் என்பதால் முக்கியமானவர்கள் மட்டும் வந்திருந்தார்கள். கருவி வரவில்லை. சனிக்கிழமை உழைத்த களைப்புக்கு அதற்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள்.

அரிசிம்பருப்புச் சோறு, பிறகு சாம்பார். பரிமாறல் நின்றது. தலைவர் எழாமலே, சாம்பார்க் கையை மடியில் படாமல் பிடித்துக்கொண்டு, 'பூமியின் பொறுமை' என்ற தலைப்பில் பேசத் தொடங்கினார். அப்போது தூரத்தில் விசில் கேட்டது.

"குக்கருங்களா?" என்றார் தலைவர்.

"இல்லீங்க. வேட்டுங்க."

"எப்ப?"

"ரசம் ஊத்தறதுக்குள்ளங்க."

இருபது பேரும் தலைவரைப் பார்த்தார்கள். ரசத்துக்கு முன்னால் தலைவர் எழுந்தால் கூட்டம் கலைந்ததாகப் பொருள். கலைந்த கூட்டத்துக்கு ரசமோ தயிரோ ஒப்புட்டோ கிடையாது என்பது சட்டதிட்டம். அதை எழுதியவரே அவர்தான். தலைவர் ஒப்புட்டுத் தட்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். உட்கார்ந்தே இருந்தார். அவர் எழாதபோது மற்றவர்கள் எப்படி எழுவது? இரண்டாம் விசிலும் ஊதியது.

தரை ஒருமுறை தூக்கிப் போட்டது. இலைகள் சாம்பாரோடு நகர்ந்தன. கூடத்துச் சன்னல் தானாகத் திறந்துகொண்டது. மேலிருந்து காரையும் சுண்ணாம்பும் மழையாகக் கொட்டின. தலைவர் தலை, மீசை, உரைத் தாள்கள் எல்லாம் வெள்ளை. அறைக்குள்ளே கட்டில்மேல் ஏதோ பெரிதாக விழுந்த சத்தம் கேட்டது. யாரும் மேசையைத் தட்டவில்லை.

சண்முகப்பிரியா நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, "இதுதானுங்க. தெனமும் இதுதானுங்க. இப்பத் தெரியுதுங்களா?" என்றாள். பாப்பாவின் கட்டிலை அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

செயலாளர் சாய்குமார், சுண்ணாம்பு படிந்த எச்சில் கையை மெதுவாக உயர்த்தினார். பேரவை வரலாற்றில் முதல்முறையாக ஓர் உறுப்பினர் கேள்வி கேட்டார்.

"ரசம் மூடி வெச்சிருந்ததுங்களா?"

மூடி வைத்திருந்தது. இருந்தாலும் பேரவை கொதித்துவிட்டது. தயிருக்கு முன்னாலேயே அவசரத் தீர்மானம் தயாரானது. அத்தனை வேகத்தில் பேரவை எதையும் செய்ததில்லை. 'அறிவியல் சமூகத்தின் மதிய உணவு மீது நிகழ்ந்த இந்தத் தாக்குதலை' அது வன்மையாகக் கண்டித்தது. இருபது நிபுணர்கள் நெய்க் கையோடு ஒப்பமிட்ட தீர்மானத்தை எந்த அதிகாரியால் தட்ட முடியும்? ஒரே வாரத்தில் ஆணை வந்துவிட்டது. நீட்டிப்பு ஐந்து வருஷத்துக்கு உண்டு. ஆனால் நிபந்தனையோடு: 'உணவருந்துவோர் நலன் கருதி, மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெடி வைக்கக் கூடாது.'

சாய்குமார் போனில் வாழ்த்தினார். "ஜெயிச்சுட்டீங்க அம்மணி! பேரவைன்னா சும்மாங்களா?"

பாறைக்குழிக்காரர் சட்டத்தை மதிக்கிறவர். மறுநாளிலிருந்து ஒருநாள்கூட மத்தியானத்தில் வெடி வைக்கவில்லை. விடிகாலையில், கோழி கூவுகிற நேரத்துக்கு வைத்தார்.

சாளையில் பாப்பா வீரிட்டு எழுந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாடு கயிற்றை இழுத்து நின்றது. வீட்டுக்குள் எதுவோ சரிந்து அடங்கியது. சென்னிமலை டார்ச்சோடு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

சண்முகப்பிரியா பாப்பாவைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே ஒரு கையால் போனைத் தேடினாள். மறுமுனையில் சாய்குமார் தூக்கக் கலக்கத்தில் "அலோ" என்றார்.

"ஏனுங்க, உங்க பேரவையில காலைப் பலகாரக் கூட்டம் உண்டுங்களா?"

"இல்லீங்களே... எதுக்குங்க இந்நேரத்துல?"

"சந்தவைங்க. தேங்காப்பால் ஊத்தி. சூடா விடியறப்பச் சாப்பிட்டாத்தானுங்க நல்லா இருக்கும்."

"சட்டதிட்டத்துல ஒரு திருத்தம் கொண்டாந்தாப் போதுமுங்க" என்றார் சாய்குமார். "உரைய சந்தவைக்கும் காப்பிக்கும் நடுவுல வெச்சுக்கலாம்."

அவள் போனை வைத்தாள். சென்னிமலை இருட்டில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னும் எத்தன நாளைக்குப் புள்ள இவுனுங்களுக்கு ஆக்கிப் போடுவ?"

"காலைல பலகாரம், பொழுதோட டீ, ராத்திரிக்குச் சோறு. மூணே மூணு வேளைதானுங்க பாக்கி. மூணுக்கும் ஆர்டர் வாங்கிப்போட்டா அப்பறம் அவரு வேட்டு வெக்க நேரமே இருக்காது" என்றாள் சண்முகப்பிரியா. "எந்திரிங்க. போய் தேங்காய உரிங்க."